டாக்டரம்மாவின் முரட்டுத் தம்பி

"நிறுத்துங்க டாக்டர், நிறுத்துங்க!"

"நிறுத்தத்தான் மாஸ்டர் இழுக்கறேன்!"

குதிரைப் பயிற்சிப் பள்ளியின் மைதானத்தைப் பல் டாக்டர் ஏழாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சொல்லியிருந்தது ஒரே ஒரு சுற்று. அதுவும் நடையில். இரண்டு கையாலும் லகானை மார்புவரை இழுத்துப் பிடித்து, கிட்டத்தட்ட மல்லாந்தபடி அவள் போன போக்கைப் பார்த்தால், சவாரி செய்கிறாளா, குதிரையோடு கயிறு இழுக்கும் போட்டியா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

எட்டாவது சுற்றில் குதிரை வேலியைத் தாண்டியது. வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சு. பெஞ்சில் அவளுடைய கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அனுபவசாலி. குளம்புச் சத்தம் கேட்டதும் பேப்பரை மடிக்காமலே தலையை மட்டும் குனிந்துகொண்டார். குதிரை அவரையும் பெஞ்சையும் சேர்த்துத் தாண்டிப் போய், லாயத்துப் பின்பக்கம் குவித்திருந்த குதிரை லத்திக் குவியலில் டாக்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

லகான் கையை விட்டுப் போயிற்று. குதிரை அந்த இடத்திலேயே நின்றது. திரும்பி வந்து அவள் தலைக்கவசத்தை அக்கறையாக முகர்ந்து பார்த்தது.

"பாருங்க, செய்யறதையும் செஞ்சுட்டு நலம் விசாரிக்கறான்" என்றார் ஓடிவந்த மாஸ்டர்.

"திட்டாதீங்க மாஸ்டர். தம்பிக்குக் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றாள் டாக்டர், காதுக்குள் போன லத்தியை எடுத்தபடி.

தம்பி என்று அவள் கூப்பிட்டது குதிரையை. வாங்கின நாளிலிருந்து அப்படித்தான். குழந்தைகள் சவாரி போன குதிரை, பரம சாது என்று சொல்லித்தான் தரகர் தலையில் கட்டினார். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"கல்யாணம் ஆகும்போது உனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?" என்றார் வாத்தியார் பெஞ்சிலிருந்தே. "பதினாறு வருஷம் கழிச்சு இப்படி ஒரு மச்சான் வந்து சேருவான்னு யார் கண்டா?"

டாக்டருக்கு ஏன் அந்தக் குதிரை மேல் அத்தனை உயிர் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. பல் டாக்டராகப் பதினெட்டு வருஷம் காலம் தள்ளியவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும். தெருவில் அவளைப் பார்த்தால் மனிதர்கள் வாயை இறுக மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கக்கூட மாட்டார். சிரித்தால் பல் தெரியும், பல் தெரிந்தால் இவள் ஏதாவது சொல்வாள். இப்பேர்ப்பட்டவளை, தூரத்தில் கண்டதும் கனைத்துக்கொண்டு ஓடிவந்த ஒரே ஜீவன் தம்பிதான்.

ஆகவே அவனை வைத்தே மூன்று கட்டப் போட்டியில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். முதல் கட்டம், வெள்ளைச் சங்கிலி கட்டிய சதுரத்துக்குள் நடுவர்கள் முன்னால் வட்டமும் வளைவுமாக அடக்க ஒடுக்கமாக நடப்பது. இரண்டாவது, வண்ணக் கம்புகளைத் தட்டிவிடாமல் தாண்டுவது. மூன்றாவது, காடு மேடு பள்ளம் தண்ணீர் என்று பன்னிரண்டு தடைகளைத் தாண்டி வெளியில் ஓடுவது. மூன்றையும் முடித்தால்தான் முடித்ததாகக் கணக்கு.

முதல் போட்டியில் தம்பி நடுவரின் மேஜையைத் தாண்டிச் சதுரத்தை விட்டு வெளியேறினான். சதுரத்தை விட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே. இரண்டாவது போட்டியில் முதல் கட்டத்தில் எப்படியோ தப்பித்து, இரண்டாவதையும் தாண்டி, மூன்றாவதில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய் ஆம்புலன்ஸ் பக்கத்தில் அவளை இறக்கிவிட்டான்.

"அடிபட்டவங்களைத் தேடி ஆம்புலன்ஸ் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் வாத்தியார், அவள் தோளில் கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு. "நீதான் ஆம்புலன்ஸைத் தேடிப் போறே." சொல்லிவிட்டு அவரால் சிரிக்க முடியவில்லை. "இதோ பாரு, கடைசியா ஒரு சான்ஸ். அடுத்த போட்டியில மூணையும் முடிச்சு, குதிரை மேலேயே உட்கார்ந்து எங்கிட்ட வரணும். இல்லேன்னா மச்சானை வித்துடணும். எனக்கு மனைவி வேணும்."

அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. சரி என்று தலையாட்டினாள். அன்று மாலை லாயத்துக்குப் போய்த் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழவும் செய்தாள்.

போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது. மாஸ்டர் உடனே நோயைக் கண்டுபிடித்தார்.

"வாய் மரத்துப் போச்சு டாக்டர். கடிவாளத்தை மாத்தணும்."

வாய் என்று வந்துவிட்டால் டாக்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிரையின் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்து, நாற்பது பல்லையும் எண்ணி, இரண்டைச் சுத்தம் செய்து, அளவெடுத்து, கொஞ்சம் இழுத்தாலும் நன்றாகப் பிடிக்கிற புதுக் கடிவாளம் வரவழைத்தாள். மறுநாள் அதை மாட்டி, மெல்ல ஒரு இழுப்பு இழுத்தாள்.

தம்பி பறந்தான். முன்பு எட்டுச் சுற்றில் நடந்தது இப்போது இரண்டே சுற்றில் நடந்தது. லத்திக் குவியல் அங்கேயேதான் இருந்தது.

"கொழுப்பு" என்றார் மாஸ்டர். "உடம்புல தெம்பு மிஞ்சிப் போச்சு. காலையில பயிற்சிக்கு முன்னாடி நல்லா ஓடவிட்டுக் களைக்க வெச்சுடுவோம்."

தினமும் விடிந்ததும் ஆற்றங்கரையோரமாக ஐந்து மைல். டாக்டர் மேலே தொங்கிக்கொண்டு போவாள், மாஸ்டர் ஸ்கூட்டரில் பின்னால் வருவார். முதல் வாரம் தம்பி உண்மையிலேயே களைத்தான். மாஸ்டர் மீசையை முறுக்கினார். இரண்டாவது வாரம் களைக்கவில்லை. மூன்றாவது வாரம் ஸ்கூட்டர் களைத்தது. ஒரு மாதம் கழித்துப் பரிசோதிக்க வந்த கால்நடை மருத்துவர், குழாயைக் குதிரையின் விலாவில் வைத்துக் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு நெஞ்சை நான் கேட்டதில்லை. என்ன செஞ்சீங்க?"

"களைக்க வெச்சோம்" என்றார் மாஸ்டர், குரல் கம்மி.

பாக்கி இருந்தது ஒரே வழி. குதிரையை மாற்ற முடியாவிட்டால் கையை மாற்ற வேண்டும். டாக்டர் கிளினிக் கதவுக் கைப்பிடியில் ரப்பர் வாரைக் கட்டினாள். ஒரு நோயாளி போய் அடுத்த நோயாளி வருவதற்குள் இருபது இழுப்பு. மேஜைக்கு அடியில் இரண்டு இரும்பு குண்டு. வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க, எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் மட்டும் ஒன்பது பேருக்குப் பல்வலி தானாகவே சரியாகிவிட்டது.

தப்பிக்க வழியில்லாமல் உள்ளே வந்த ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார்.

"எப்ப டாக்டர் பிடுங்கப் போறீங்க?"

"வாயைக் கொப்புளிச்சுட்டு வீட்டுக்குப் போங்க. எப்பவோ முடிஞ்சுபோச்சு."

ஒரு நாள் கதவுக் கைப்பிடியும் கழன்று கையோடு வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கைகளோடு லாயத்துக்குப் போய், குதிரை மேல் ஏறி, தன் முழுப் பலத்தையும் கூட்டி இழுத்தாள். அன்று தம்பி ஓடிய நேரத்தை மாஸ்டர் கடிகாரத்தில் பார்த்தார். கடிகாரத்தைத் தட்டினார். மறுபடி பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

போட்டி நாளும் வந்தது. கூடவே குதிரை ஏற்றும் லாரி ஒன்றும் வந்து மைதானத்து ஓரத்தில் நின்றது. டாக்டர் முடிக்காவிட்டால் சாயங்காலமே தம்பியை ஏற்றிக்கொண்டு போக, வாங்குகிறவர் அனுப்பிய லாரி. அதன் டிரைவர் குட்டையாக, ஒல்லியாக, கையில் கயிறோடு வேலியில் சாய்ந்து நின்றார். டாக்டர் அந்தக் கயிற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் கட்டம். ஆறு நிமிஷத்தில் நடக்க வேண்டியதைத் தம்பி மூன்று நிமிஷத்தில் முடித்தான். வட்டங்கள் எல்லாம் முட்டையாக இருந்தன. ஆனால் சதுரத்தை விட்டு வெளியே போகவில்லை. நடுவர் ஒருவர், குதிரை போட்டியாளருக்கு முன்பே முடித்துவிட்டதாகக் குறிப்பு எழுதினார்.

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவளை லாரி டிரைவர் மறித்தார்.

"அம்மா, ஒரு விஷயம். அந்த லகானை..."

"அப்புறம் அண்ணே, அப்புறம். உங்க கயித்தைக் கொஞ்சம் பின்னாடி மறைச்சு வெச்சுக்கோங்க, புண்ணியமாப் போகும்."

இரண்டாவது கட்டத்தில் ஐந்து கம்புகள் விழுந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தார். ஆனாலும் அவள் கீழே விழவில்லை. இரண்டு கட்டம் முடிந்தது. வாத்தியார் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கட்டத்துக்குக் கொடி அசைந்தது. டாக்டர் இழுத்தாள். தம்பி பாய்ந்தான். முதல் மரக்கட்டை, இரண்டாவது மரக்கட்டை, வைக்கோல் அடுக்கு, பள்ளம். தடைகள் எதிரே வந்தது தெரிந்தது, தாண்டினது தெரியவில்லை. அவள் இழுக்க இழுக்க அவன் கழுத்தை நீட்டினான். அவன் நீட்ட நீட்ட அவள் இன்னும் இழுத்தாள். ஏழாவது தடையைத் தாண்டி மேட்டில் ஏறியபோது, மூன்று மாதமாக ரப்பர் வாரில் வளர்த்த கைகள் இரண்டும் ஒரேயடியாக வேலை நிறுத்தம் செய்தன. கை இருந்த இடத்தில் இரண்டு ஈரத் துண்டுகள் தொங்குவதுபோல இருந்தது.

முடிந்தது கதை என்று நினைத்தாள். அவளுக்குத் தன்னைப் பற்றிப் பயம் வரவில்லை. கயிறும் லாரியும்தான் கண்ணில் நின்றன.

"போடா தம்பி" என்றாள். "உன் இஷ்டம் போல ஓடிக்கோ. இதுதான் நம்ம கடைசி ஓட்டம்."

லகானை நழுவவிட்டு, பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

காற்றின் சத்தம் குறைந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். தம்பி ஓட்டத்திலிருந்து துள்ளு நடைக்கு இறங்கியிருந்தான். அடுத்து என்ன என்று கேட்பதுபோலக் காதைப் பின்னால் திருப்பியிருந்தான். அடி கிடி பட்டுவிட்டதோ என்று பதறிப்போய்க் காலால் மெல்லத் தட்டினாள். அவன் அழகாக, அளவாக ஓடி எட்டாவது தடையைத் தாண்டினான். தாண்டியதும் மறுபடி நிதானமானான்.

ஒன்பதாவது தடையில் தண்ணீர் இருந்தது. இதுவரை எந்தத் தண்ணீரையும் அவள் மேலே பறந்தபடியேதான் கடந்திருக்கிறாள். இன்றுதான் முதல் முறையாகச் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. முழங்காலில் தண்ணீர் தெறித்தது. மரங்கள் தெரிந்தன, அவற்றில் பூக்கூட இருந்தது. ஒரு தடைக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணி கையாட்டினாள். டாக்டர் பதிலுக்குக் கையாட்டினாள். கையாட்ட ஒரு கை மிச்சம் இருந்ததே அவளுக்கு ஆச்சரியம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எல்லைக் கோட்டைக் கடந்தாள். கோட்டைக் கடந்ததும் தம்பி தானாகவே நின்றான்.

வாத்தியார் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். வாழ்க்கையில் அவர் தாண்டிய முதல் வேலி. நேரே வந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"மச்சான்! எம் மானத்தைக் காப்பாத்திட்டடா மச்சான்!"

"இறங்கறதுக்கு ஒரு கை கொடுங்க" என்றாள் மனைவி. "என்னையும் கொஞ்சம் கவனிங்க."

நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தோராவது இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடைசியில் வந்தவர் தடம் மாறிப் போய்த் திரும்பி வந்தவர். டாக்டர் கிண்ணம் வாங்கினவள் மாதிரி எல்லாரிடமும் கை குலுக்கினாள்.

"கடிவாளம் நான் தேர்ந்தெடுத்ததாக்கும்" என்றார் மாஸ்டர், மீசையைத் தடவி.

"நான் மட்டும் அன்னிக்குக் கண்டிப்பாப் பேசலேன்னா?" என்றார் வாத்தியார்.

"எல்லாம் இந்தக் கை" என்றாள் டாக்டர், தூக்க முடியாத கையைத் தூக்கிக் காட்ட முயன்று.

லாரி டிரைவர் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். தம்பி அவரைக் கண்டதும் கனைத்து, முகத்தை அவர் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணே, இன்னிக்கு வெறும் லாரியோடதான் திரும்பணும்" என்றாள் டாக்டர் பூரிப்போடு. "இப்படி ஒரு முரட்டுப் பயலைப் பார்த்திருக்க மாட்டீங்க. சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டான். ஒரு வழியா இன்னிக்குத்தான் அடங்கினான்."

டிரைவர் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தபடி சொன்னார்: "ரேஸுக்கு நான் பழக்கின குதிரைம்மா இது, லகானை இறுக்கினா பறக்கணும், விட்டா நிக்கணும்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கேன், பாவம், இத்தனை மாசமா உங்க பேச்சை இவன் ஒரு தடவைகூடத் தட்டினதே இல்லை."