கொண்டி நைனாவின் பாம்பு வீடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாம் கிளாஸோடு நின்றுவிட்டது. ஞாபகமும் இப்போதெல்லாம் அது நினைத்தபோதுதான் வந்து போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். பாம்பே இல்லாமல் பாம்பு வளர்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கொண்டி நைனா.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசை வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீடு நைனாவுடையது. அதே கம்பெனியில் ஃபிட்டர். எதைப் பார்த்தாலும் அதற்குக் கொக்கித் தாழ்ப்பாளாக ஒரு கொண்டி போட்டுவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர். அவர் மனைவி சகுந்தலாக்காவின் அஞ்சறைப் பெட்டிக்குக்கூடக் கொண்டி உண்டு. கடுகு எடுக்க அக்கா கொண்டியோடு மல்லுக்கட்டுவதற்குள் எண்ணெய் கருகிவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எது வருவதாக இருந்தாலும் முதலில் அதற்கு இடம் தயாராக வேண்டும். மாடு வாங்குமுன் தொட்டி கட்டினார். மாடு வரவில்லை, அக்கா அதில் துணி ஊறவைத்தாள். கல்யாணமான கையோடு தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்தாராம். அதில் வெங்காயக் கூடைதான் தொங்கியது.

ஒருநாள் சாயங்காலம் கம்பெனியில் உடைத்துப் போட்ட பெட்டிப் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா இது?" என்றாள் அக்கா.

"சாரைப் பாம்பு வளக்கப் போறேன். எலித்தொல்ல தாங்கல."

"பூனை வளக்கக் கூடாதா?"

"பூனை பால் கேக்கும். இது ஒண்ணும் கேக்காது."

"பாம்பைப் பொட்டில வச்சிகினு இருந்தா எலிய யாரு புடிப்பாங்க? நீயா?"

நைனா பலகைகளை இறக்கி வைத்தார். "எலிக்கு ஒரு பயம் வரும்ல!"

எலிக்கு வந்ததோ இல்லையோ, எனக்கு வந்துவிட்டது. என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரின் அடியில் எலி பறித்த பொந்து இருந்தது. எலி வருகிற வழியில் பாம்பு வராதா? நைனாவிடம் கேட்கவும் எனக்கு வாய் வராது. ஆம்பளைகள் முன்னால் என் குரல் தொண்டையைத் தாண்டாது. பொந்தில் பழந்துணியை அடைத்துவிட்டு, குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமைத்தேன்.

அந்தப் பெட்டியோ மாதக்கணக்கில் வளர்ந்தது. முன்பக்கம் கண்ணாடி. மேலே எறும்புதான் நுழையலாம் என்கிற மாதிரி கம்பி வலை. ஒரு மூலையில் பல்பு, பாம்பு சுட்டுக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு கூண்டு. "ஒரு பக்கம் கதகதன்னு, ஒரு பக்கம் குளுகுளுன்னு. அதுக்கு எங்க புடிக்குதோ அங்க படுத்துக்கும்" என்பார். ஒளிந்துகொள்ள உடைந்த பானை, கவிழாத கல் தொட்டியில் தண்ணீர், அலசிக் காயவைத்த ஆற்று மணல். கதவுக்கு இரண்டு கொண்டி. எங்கள் வீட்டுக்கே அத்தனை வசதி கிடையாது.

பிறகு பரீட்சை. பாம்பு தப்ப வழி இருக்கிறதா என்று பார்க்க, பொன்னேரி சந்தையிலிருந்து உயிரோடு விலாங்கு மீன் வாங்கி வந்து உள்ளே விட்டார். அது ஒரு இடுக்கில் வழுக்கி வெளியே வந்தது. இடுக்கை அடைத்தார், அக்கா விலாங்கைக் குழம்பு வைத்தாள். அடுத்த வாரம் இன்னொரு விலாங்கு, இன்னொரு இடுக்கு, இன்னொரு குழம்பு. கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. கடைசியில் ஒரு விலாங்கு எவ்வளவு முட்டியும் வெளியே வரவில்லை. "பாஸ்!" என்று நைனா கத்தினார். தெருவுக்கே வருத்தம், இனிமேல் குழம்பு கிடையாதே.

ஸ்டேஷன் பக்கம் பாம்பு பிடிப்பவர் ஒருவரிடம் சாரைக்குச் சொல்லியும் வைத்தாயிற்று. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்து, பகல் நேரத்திலேயே தெருவில் முழங்கால் தண்ணீர். என் வீட்டுக்காரர் கம்பெனியில். நான் வாசலில் சாக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால், பொந்தில் அடைத்த துணி அசைகிறது. துணியைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை. தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கிறது.

குழந்தையை வாரிக்கொண்டு கத்தினேன். அந்தத் தெரு என் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான்.

நைனா ஓடி வந்தார். என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். மேஜைமேல் இருந்த பெட்டியைத் திறந்து, பானையையும் தண்ணீர்த் தொட்டியையும் எடுத்து வெளியே வைத்து, வேட்டி ஒன்றை மடித்து விரித்துக் குழந்தையை உள்ளே விட்டு, இரண்டு கொண்டியையும் மாட்டினார்.

"ஐயோ நைனா, அது பாம்புப் பொட்டி!" என்றேன்.

"பாம்பு வெளிய வர முடியாத பொட்டி. அப்ப உள்ள மட்டும் எப்டிம்மா போவும்?"

குழந்தை மணலை அள்ளிக் கண்ணாடியில் அடித்து விளையாடியது. அதற்குள் அந்தப் பாம்பு என் வீட்டு வாசல் வழியாகச் சாவகாசமாக நைனா வீட்டுக்கே வந்தது. நல்ல நீளமான சாரை.

"யோவ், நீ கூப்ட்ட விருந்தாளி வந்துட்டான் பாரு!" என்றாள் கட்டில்மேல் ஏறி நின்ற அக்கா.

நைனா பாம்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அப்புறம் ஒரு நீளக் கழியால் அதை மெதுவாக வாசல் பக்கம் தள்ளினார். "ஊட்ல ஆள் இருக்காங்கப்பா. போய்ட்டு வா."

தண்ணீர் வடிந்த பிறகு பாம்பு பிடிப்பவர் சொன்னபடி ஒரு சாரையைக் கொண்டுவந்தார். நைனா டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். என் மகள் தினமும் அந்தப் பெட்டிக்குப் போனாள். அவளுக்காகப் பெட்டியைத் தரைக்கு இறக்கிக் கண்ணாடியையும் கழற்றினார். மூன்று வயதில் அவள் உள்ளே பொம்மையோடு குடித்தனம் நடத்தியபோது, ஊரில் எல்லாவற்றுக்கும் கொண்டி போட்ட மனிதர் அதன் இரண்டு கொண்டிகளையும் பிடுங்கிப்போட்டார்.

"இன்னா நைனா?" என்று கேட்டேன். அதற்குள் எனக்குக் கொஞ்சம் பேச வந்திருந்தது.

"கொயந்தை வந்து போற ஊடும்மா" என்றார்.

அது எந்த வருஷத்து மழை, எந்த ஏரித் தண்ணீர் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். கொண்டி இரண்டுதானா என்று மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, கதவில் ஆணி பிடுங்கின ஓட்டைகளோடு.