வேலை போதும், வா

டெய்லர் பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. திரையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. மறுநாள் காலையில் மகள் குழந்தையோடு வருகிறாள். இன்றைக்குப் பார்த்துத்தானா இது மக்கர் பண்ண வேண்டும்!

மகள் சின்னவளாக இருந்தபோது, கணக்கர் வேலை பார்க்கும் நண்பரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பெட்டி அது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு ஒருநாள் எதையோ தட்டப்போய், உள்ளேயிருந்து ஒரு மழலைக் குரல் வந்தது. "அப்பா, வேலை போதும், வா, விளையாடலாம்!" பின்னாலேயே களுக்கென்று ஒரு சிரிப்பு. மகள் எப்போதோ விளையாட்டாகப் பதிந்து வைத்திருக்கிறாள் என்று டெய்லர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அவள் சின்னவளாக இருந்த நாளெல்லாம் அவர் தையல் மெஷினே கதியென்று கிடந்தவர். அது இன்றைக்கும் மனசை அறுக்கும்.

அதனால் ஞாயிறு தவறாமல் அதைப் போட்டுக் கேட்பார். ரேடியோ ரிப்பேர் செய்யும் இன்னொரு நண்பர், "மறுபடியுமா?" என்று நழுவிவிடுவார். கணக்கர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அலுக்காமல் கேட்பார். அவருடைய மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், மனுஷனுக்கும் பொழுது போக வேண்டுமே என்று டெய்லர் நினைத்துக்கொள்வார்.

"பேத்திக்கு அவ அம்மா குரலைப் போட்டுக் காட்டணும்யா" என்றார் இப்போது அந்த இருவரிடமும், அழாக்குறையாக.

"நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று ரேடியோக்காரர் தன்னிடமிருந்த மெமரியைக் கொண்டுவந்து செருகினார். அதுவரை ஊமையாக இருந்த பெட்டி கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

"ஏங்க, வீட்டுக்குள்ள லாரி ரிவர்ஸ் எடுக்குதா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

கணக்கர் ஓடிப்போய், தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி வந்தார்.

"அப்ப உனக்கு?"

"எனக்கு எதுக்கு? கணக்கெல்லாம் மனசுலயே போட்டுக்குறேன்."

மாட்டி சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம். வீடே இருண்டது. "எவன்யா அது?" என்று மாடியில் குடியிருப்பவர் கத்தினார்.

ஃபியூஸ் போட்டு முடித்ததும் ரேடியோக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைத் தன் கடைக்கே தூக்கிப்போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது உள்ளே எல்லாமே புதுசு. பொத்தானைத் தொட்டதும் திரை பளிச்சென்று வந்தது. டெய்லர் ஆசையாகத் தேடினார். அடிமுதல் நுனிவரை தேடினார்.

"குரல் எங்கய்யா?"

"அது பழைய டிஸ்க்ல இருந்திருக்கும். சரியான ஆமை! புதுசு போட்டுட்டேன், பறக்குது பாரு."

"பழசு?"

"காயலான் கடைக்காரர் வண்டி தள்ளிட்டு வந்தாரு. சும்மாவே கொடுத்துட்டேன்" என்றார் ரேடியோக்காரர் பெருமையாக.

டெய்லர் அப்படியே ஸ்டூலில் சரிந்தார். ஆனால் குரல் எழுப்பியது அவரல்ல.

"கொடுத்துட்டியா? உனக்கு அறிவிருக்கா?"

கணக்கர் சத்தம் போட்டு யாருமே கேட்டதில்லை. ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் டெய்லரின் செருப்புமாக அவர் தெருவில் ஓடினார். சாயங்காலம்தான் திரும்பினார். சட்டையெல்லாம் கிரீஸ். நெஞ்சோடு அணைத்த கையில் அந்த டிஸ்க். தனக்காக இப்படி ஓடும் ஒரு நண்பன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று டெய்லர் உருகிப் போனார்.

மறுநாள் காலை. மகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மடியில் பேத்தி. ரேடியோக்காரர் குனிந்த தலை நிமிராமல் டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தார். டெய்லர் தட்டினார்.

"அப்பா, வேலை போதும், வா, விளையாடலாம்!"

பேத்தி கைதட்டியது. டெய்லருக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவோரம் நின்ற கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகள் விழித்தாள். "யாருப்பா இது?"

"யாரா? நீதாம்மா! மறந்துட்டியா?"

"நானா? நம்ம வீட்ல மைக்கே இருந்ததில்லையேப்பா!"

டெய்லர் திருதிருவென்று மனைவியைப் பார்த்தார். காப்பியோடு வந்த அவள், அவரைத் தாண்டிப் போய் முதல் டம்ளரைக் கணக்கரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இவரு மனசு நோகக் கூடாதுன்னு இத்தனை வருஷம் வாயத் திறக்கல நீங்க. இப்பவாவது சொல்லிடுங்க, அது உங்க பொண்ணு குரல்னு."