முழு ஆளையும் பார்க்க வந்த அமெரிக்க அம்மாள்

காஜா பேராங், மலாக்கா
19 அக்டோபர் 1958

தைப்பிங்கில் வசிக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. நல்லையா அவர்களுக்கு, கலியாணசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், தங்கள் தங்கை சாரதாம்பாளும், மகள் கமலவேணியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். தாங்களும் தங்கள் வீட்டாரும் இரண்டளவிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தைப்பிங் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஜெயபாலன் என்ற பையனைக் கமலவேணிக்குப் பார்க்கலாமா என்று தாங்கள் எழுதிக் கேட்டு நாளாகிறது. பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். கமலவேணி அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு மனுப் போட்டிருந்ததால் எதுவும் சொல்ல முடியாமல் இருந்தேன். இப்போது அந்தத் தடை நீங்கிவிட்டது. தீபாவளி கழிந்ததும் அவர்கள் தாராளமாகப் பெண் பார்க்க வரலாம். அவள் அமெரிக்கா போகப் போவதில்லை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நடந்ததைக் கேட்டால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள், மச்சான்.

எல்லாம் அவளுடைய பள்ளிக்கூடத்து டீச்சர் மிஸ் ஹார்லன் ஆரம்பித்து வைத்தது. அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறதாம், வருஷத்துக்கு ஒரு மலாயாப் பெண்ணை எடுத்துச் செலவெல்லாம் தானே பார்த்துப் படிக்க வைக்கிறதாம், கமலவேணி மனுப் போட வேண்டும் என்று வீட்டுக்கே வந்து சொன்னாள். மார்க்குதானே, அது நிறைய இருக்கிறது என்றேன். மார்க்கு மட்டும் போதாது மிஸ்டர் சுந்தரம், அவர்கள் முழு ஆளையும் பார்ப்பார்கள் என்றாள். நம் காலத்தில் பரீட்சை எழுதினோம், சுவரில் பெயர் ஒட்டினார்கள், பெயர் இருந்தவன் ஆபீஸில் கிராணியானான், இல்லாதவன் ரப்பர் பால் எடுக்கக் கித்தாத் தோட்டத்துக்குப் போனான், யாரும் யாருடைய முழு ஆளையும் பார்க்கவில்லை. இவர்களோ, ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய், யாருக்காவது தலைமை தாங்கியிருக்கிறாயா, எதில் தோற்றாய் என்றெல்லாம் எழுதிக் கேட்கிறார்கள். மாடு வாங்குகிறவன்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான், இவர்கள் மாட்டிடம் போய் உனக்கு எதில் சந்தோஷம் என்று கேட்பார்கள் போலிருக்கிறதே என்றேன். பெத்த பெண்ணையா மாடுங்கறீங்க என்று தங்கள் தங்கை அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டாக்டர் படிப்பாவது படிக்கிறாளா என்றால் அதுவும் இல்லை, சரித்திரம் படிக்க வேண்டுமாம். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொள்ள எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? அதைக் கேட்டதற்கு அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சரி, மகள் ஆசைப்படுகிறாள். தகப்பன் சும்மா இருக்க முடியுமா? மனு போன பிறகு, அந்தச் சர்வகலாசாலையிலிருந்து மிஸஸ் விட்கோம்ப் என்று ஒரு அம்மாள் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு என்று மனுப் போட்ட பெண்களை அவரவர் வீட்டிலேயே பார்க்கப் போகிறார் என்று தகவல் வந்தது. முழு ஆளைத்தானே பார்க்க வருகிறாள், ஆள் முழுசாக இருக்க வேண்டுமே என்று நான் வேலையில் இறங்கினேன். கமலவேணிக்கு ஓய்வு நேரம் என்றால் மூக்குக்கு மேல் புத்தகம், அவ்வளவுதான். சங்கீதம் இல்லாத வீடு ஒரு வீடா என்று அந்த அம்மாள் நினைத்துவிடக் கூடாதே என்று, நாடக செட்டில் பிடில் வாசிக்கிற நம்ம தியாகுவிடம் சொல்லி அவன் பிடிலை இரவல் வாங்கி வந்து ஹாலில் சாய்த்து வைத்தேன். அடுத்தது தலைமை. அதற்கு ஒரு கூட்டம் வேண்டும் அல்லவா? 'காஜா பேராங் மாதர் முன்னேற்றச் சங்கம்' என்று அட்டையில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினேன். தலைவி கமலவேணி. அங்கத்தினர்கள், பால்காரி அஞ்சலை, தையல்காரர் சம்சாரம் பூங்காவனம், செட்டிக் கம்பம் கிராமத்திலிருந்து ருக்மணி. ருக்மணிக்குப் பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் அந்த மலாக்காச் செட்டிகள் வழக்கப்படி மலாய். ஆனாலும் நான் என்ன சொன்னாலும், ஆகட்டும் என்பதற்கு மலாயில் "போலே, போலே" என்று சொல்லி உடனே சம்மதித்தது அவள் ஒருத்திதான். கமலவேணி இதையெல்லாம் பார்த்து, அப்பா இது பொய் என்றாள். பொய் இல்லையம்மா, ஏற்பாடு என்று விளக்கினேன்.

அந்த அம்மாள் போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தார். நம்ம டிரைவர் சின்னப்பாவின் டாக்சியை ஏற்பாடு செய்து பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே கூட்டி வந்தேன். வயசானவர், வெள்ளைக் கையுறை, தலையில் தொப்பி, முகத்தில் சிரிப்பு. நான் கோட்டுப் போட்டிருந்தேன். சாரதா வடையும் கேசரியும் செய்திருந்தாள், வடை மட்டும் கொஞ்சம் கல்லாகப் போய்விட்டது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். உட்கார்ந்ததுமே அம்மாள் பிடிலைப் பார்த்துவிட்டார். பார்க்கத்தானே வைத்தது. அடடா, நீ வாசிப்பாயா என்று கமலவேணியைக் கேட்டார். அவளுக்குக் கொஞ்சம் கூச்சம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள்,

"எனக்கு வாசிக்கத் தெரியாது. அது எங்களுடையதும் இல்லை. அப்பா நேற்று இரவல் வாங்கி வந்தார்," என்றாள் என் மகள்.

எனக்குக் காலுக்குக் கீழே பூமி இல்லை, மச்சான். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, நல்ல பிடில் என்றார். நானும் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? பேச்சை மாற்ற வேண்டும் என்று சங்கத்துப் பெண்களை உள்ளே கூப்பிட்டேன். மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். உங்கள் தலைவி உங்களுக்கு என்னென்ன செய்திருக்கிறார் என்று அம்மாள் கேட்டார். அதைத் தமிழிலும் மலாயிலும் கமலவேணியே மாற்றிச் சொன்னாள். அஞ்சலை யோசிக்கவே இல்லை.

"தலைவியா? சங்கம் ஆரம்பிச்சே இன்னும் ஒரு வாரம் ஆகலியே. ஐயா பலகாரம் தர்றேன்னாரு, வந்தோம்."

நான் மகளுக்குக் கண்ணைக் காட்டினேன், இருமினேன், நாற்காலியைக்கூட இழுத்தேன். அவள் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். பலகாரத்துக்கு மட்டும் இங்கிலீஷில் சரியான வார்த்தை இல்லையென்று தட்டைத் தூக்கிக் காட்டினாள். பூங்காவனம் அதை உபசாரம் என்று நினைத்து இரண்டு வடையை எடுத்துக்கொண்டாள். ருக்மணி "போலே" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். மிஸ்டர் சுந்தரம், எதில் தோற்றாய் என்ற கேள்விக்கு உங்கள் மகள் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா என்றார். நம் வீட்டில் யாரும் எதிலும் தோற்பதில்லை என்று எழுதச் சொல்லியிருந்தேன், அதைத்தான் எழுதியிருப்பாள் என்று தைரியமாக இருந்தேன். இவள் என்ன எழுதியிருக்கிறாள் என்றால், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள அப்பாவிடம் பல வருஷமாக வாதாடித் தோற்றேன், என் வாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் தோற்றேன் என்று! ஏன் சம்மதிக்கவில்லை என்று அம்மாள் என்னைக் கேட்கிறார். லாரி போகிற ரோடு என்றேன். செமாபோக் ரோட்டுப் பக்கம் லாரி கிடையாதே அப்பா என்கிறாள் இவள். மழை பெய்தால் வழுக்கும் என்றேன். வெயில் நாளில் என்கிறாள். பரீட்சை அவளுக்கா எனக்கா? அரை மணி நேரம் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள்ளே ஆறாக வேர்த்தது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். டீ குடிக்கும்போது அந்த அம்மாள் அன்பாகத்தான் ஒரு வார்த்தை சொன்னார். உங்கள் நாடு பிறந்து ஒரு வருஷம்தானே ஆகிறது, குழந்தை நாடு, பெரியவர்கள் நாங்கள் எல்லாம் கையைப் பிடித்து நடத்த வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். விருந்தாளி சொன்னால் தலையாட்டுவதுதானே மரியாதை? கமலவேணி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் அப்படி நிதானமாக எதையாவது கீழே வைத்தால் அடுத்து வாதம்தான் என்று எனக்குத் தெரியும்.

"அரசாங்கம்தான் புதிது, மேடம். நாடு பழையது. உங்கள் தேசம் உண்டாவதற்கு முன்பே இந்த மலாக்காத் துறைமுகத்தில் பல தேசத்துக் கப்பல்கள் வந்து நின்றன. எங்களைக் குழந்தை என்றால் உங்களை என்னவென்று சொல்வது?"

அந்த அம்மாளும் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் ரெண்டு பேரும் பேசினார்கள் பாருங்கள், போர்ச்சுகீஸ்காரன் என்கிறாள் இவள், இல்லை என்கிறார் அவர், டச்சுக்காரன் என்கிறார், அதெப்படி என்கிறாள், ஆபீஸில் வருஷக்கணக்காக இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. டீ ஆறிப் போச்சு. கேசரியை யாரும் தொடலை. அம்மாள் தொப்பியைக் கழற்றி மடியில் வைச்சுக்கிட்டாங்க, அவ்வளவு கோபம். போக வேண்டிய பஸ்ஸும் போயே போச்சு.

கடைசியில் கிளம்பினாங்க. சின்னப்பா டாக்சியைப் பின்னால எடுக்கும்போது, அவனுக்கு என்ன ஞாபகமோ தெரியலை, பின் சக்கரத்தை நம்ம வாசல் சாக்கடையில இறக்கிட்டான். வண்டி ஒரு பக்கமா சாய்ஞ்சு போச்சு, உள்ளே அம்மாள். நான் என்ன செய்யறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே, இந்தப் பெண் புதுப் பட்டுப்புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கிட்டு தொப்புன்னு சாக்கடையில குதிச்சா. எதிர்க் கோப்பிக்கடையில உட்கார்ந்திருந்தவங்களை மலாய்ல பேர் சொல்லிக் கூப்பிடறா, நீ அந்தப் பக்கம் பிடி, நீ பலகையைப் போடுன்னு அதட்டறா. மலாய்க்காரர், சீனர், நம்ம ஆட்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு அவ சொன்னபடி தூக்கறாங்க. அஞ்சலையும் தோள் கொடுத்தா. வண்டி மேலே ஏறிடுச்சு. அம்மாள் இறங்கி வந்து கையை நீட்டினாங்க, இவளும் யோசிக்காம அந்தச் சேத்துக் கையாலேயே குலுக்கினா. வெள்ளைக் கையுறை கறுத்துப் போச்சு, மச்சான். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

பிடில் போச்சு, சங்கம் போச்சு, விருந்தாளியோட சண்டையும் ஆச்சு, கடைசியில கையுறையும் போச்சு. இனி அந்த அமெரிக்காக்காரர்கள் நம்ம பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் நிம்மதிதான். பெண் கண்ணெதிரே இருப்பாள். நான் வழக்கம்போல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆபீஸுக்குப் போய், நன்றாகத் தூங்குகிறேன். ஆகவே ஜெயபாலன் வீட்டாரிடம் பேசி நல்ல நாள் பார்த்து எழுதவும். தங்கள் குடும்பத்தில் எல்லாரும் நீண்ட ஆயுளும் குறையாத மகிழ்ச்சியும் பெற முருகன் துணை நிற்பான்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள மைத்துனன்,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு:

அண்ணே, இது சாரதா எழுதறது. நேத்து எழுதினதைக் கவரை ஒட்டாம மேஜை மேல வைச்சுட்டுப் போயிட்டார், எடுத்துப் படிச்சேன். இதுல இருக்கிற எதையும் நம்பாதீங்க. இன்னிக்குக் காலையில பினாங்கிலிருந்து தந்தி வந்துச்சு. அந்த அம்மா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து முடிச்சுட்டு, நம்ம கமலாவுக்குத்தான் இடம்னு அனுப்பியிருக்காங்க. அடுத்த வருஷம் கப்பல்.

நிம்மதியா தூங்கறாராம். அந்த அம்மா போன நாள்லேருந்து மனுஷன் ஒரு வாய் சோறு ஒழுங்கா தின்னலை. தபால்காரர் வர்ற நேரத்துக்கு ஆபீஸ்லேருந்து வயித்துவலின்னு சொல்லிட்டு வந்து கேட்டுல நிப்பார். டாக்சி சாக்கடையில விழுந்ததுக்குச் சின்னப்பா என்ன செய்வான்? வா வா இன்னும் வான்னு கையைக் காட்டி இறக்கினதே இவர்தான். வடையும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த அம்மா நாலு தின்னாங்க, இவர் கண்ணை மூடிக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்?

தந்தியைப் பார்த்ததும் நாற்காலியில உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குக் கிளம்பிட்டார். ஒவ்வொரு ஜவுளிக் கடையா ஏறி கம்பளித் துணி இருக்கான்னு கேக்கறாராம், அஞ்சலை பார்த்துட்டு வந்து சொன்னா. மலாக்காவில யாரு கம்பளி விக்கறா? எதுக்குங்க கம்பளின்னு கடைக்காரங்க திருப்பிக் கேக்கணும், அதுக்குத்தான் போயிருக்கார்.

ஜெயபாலன் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். வேற இடம் பார்த்துக்கச் சொல்லி, மனசு நோகாம நீங்களே சொல்லிடுங்க. பெண் பார்க்க வரச் சொல்லி எழுதுங்கன்னு ரெண்டு நாளா இவரை நச்சரிச்சது நான்தான், இப்ப வேண்டாம்னு எழுதறதும் நான்தான். எல்லாரும் அவர்தான் அனுப்ப யோசிக்கிறார்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும்.

அம்மா பசிக்குதுன்னு கமலா கூப்பிடறா. இன்னிக்குக் கூப்பிட்டா போட நான் இருக்கேன். போய்ப் போட்டுட்டு வந்து கவரை ஒட்டறேன்.

சாரதா