வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஆல்வினின் சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பூந்தொட்டியைத் தாண்டி, செக்யூரிட்டி வாஹித் பாஷாவின் நாற்காலியில் முட்டித்தான் நின்றது. நல்லவேளை, பாஷா முன்பே எழுந்துவிட்டிருந்தார்.

"கோடு எங்க இருக்குது, நீ எங்க இருக்கறே தம்பி?"

"பிரேக் புடிச்சேன் பாய்."

"நீ புடிச்சே. அதுவும் புடிக்கணுமே. போ, நாளைக்கு வா."

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்ட் மேட்டில் இருந்தது, கேட் பள்ளத்தில். போன மாதம் ஒருவர் நிற்க முடியாமல் ரோடு வரைக்கும் போய், தோல் ஏற்றி வந்த வேனில் மோதிக் கையை முறித்துக்கொண்டார். உடனே புதுச் சட்டம் வந்தது. சரிவில் இறங்கி வந்து கோட்டில் நிற்பவருக்கு ஸ்டிக்கர். சனிக்கிழமைக்குள் ஸ்டிக்கர் வாங்காதவருக்குச் சைக்கிள் கிடையாது, கம்பெனி பஸ்தான். தீபாவளிக்கு எல்லாருக்கும் சைக்கிள் கொடுத்ததும் கம்பெனிதான், இப்போது அதற்குப் பரீட்சை வைப்பதும் கம்பெனிதான்.

பஸ், ஓவர்டைம் முடிந்து ஏழு மணிக்குக் கிளம்பும். ஆல்வினின் மாலை வகுப்பு ஆறரைக்கு. ஷூ டிசைன் டிப்ளமோ. தொடர்ந்து வராதவர் பெயரை அங்கே தயங்காமல் அடித்துவிடுவார்கள். அடித்துவிட்டால், ஆயுசு முழுக்க கட்டிங் செக்‌ஷனில் தோலைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போன வாரம் வரைக்கும் நன்றாகத்தானே நின்றது? சைக்கிள் கெட்டுவிட்டதா, தான்தான் கெட்டுவிட்டோமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"முன் பிரேக்கையும் சேத்துப் புடிச்சியா?" என்று கேட்டான் ஃபினிஷிங் செக்‌ஷன் பூவரசன்.

"அதைத் தொட்டா குப்புறக் கவுத்துடும்னு எங்க அத்தை சொல்லிருக்காங்க. பின்னாடி மட்டும்தான்."

"அப்ப பின்னாடி வெயிட்டு கம்மி. அதான் இழுத்துக்கினு போவுது."

கேரியரில் ஒரு மூட்டை தோல் கழிவைக் கட்டினார்கள். மறுநாள் மூட்டையும் ஆல்வினும் சேர்ந்து, முந்தைய நாளைவிட வேகமாகக் கோட்டைக் கடந்தார்கள். பாஷா இந்த முறை நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

"தோஸ்த், பிரேக் கட்டை தேஞ்சுபோச்சுடா," என்றான் பூவரசன். "ரப்பர் வேஸ்ட். நம்ம சோல் லெதர்ல வெட்டிப் போடறேன் பாரு."

வெட்டினான். அளவு கச்சிதம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எண்ணெய் காட்டாத தோல் வெடித்துவிடும் என்பது அவன் செக்‌ஷனில் வேதம். பின் பிரேக்கின் இரண்டு கட்டைகளையும் எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, மெருகும் ஏற்றிக் கொடுத்தான்.

அன்று ஆல்வின் பிரேக்கை அழுத்த அழுத்த, சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேனேஜர் காரின் பம்பர்தான் அதை நிறுத்தியது. வாசனை பிடித்து இரண்டு தெருநாய்கள் பின்னாலேயே வந்து நின்றன.

"ஒரே பேஜாரா போச்சு தம்பி உன்னோட," என்றார் பாஷா. "முன்னாடி ஒண்ணு இருக்குதே, அது அழகுக்கா?"

அத்தையை மனதில் நினைத்துக்கொண்டு, அடுத்த நாள் அவன் முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தான். முன்சக்கரம் கோட்டின் மேலேயே, அளந்து வைத்தது போல நின்றது. ஆல்வின் மட்டும் ஹேண்டில் பாருக்கு மேலே பறந்து போய்ப் பூந்தொட்டியில் இறங்கினான்.

பாஷா குனிந்து கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து ஆல்வினைப் பார்த்தார்.

"சைக்கிள் பாஸ். ஆளு ஃபெயில்."

முழங்கையில் பிளாஸ்திரியோடு அன்று சாயங்காலமே புது ரப்பர் கட்டைகள் வாங்கிப் போட்டான். பின்சக்கரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தான். வகுப்புக்குக்கூடப் போகாமல் பாலாற்றுப் பக்கத்து மண்பாதையில் பழகினான். பின்னதை லேசாக. முன்னதை மெல்ல மெல்ல, அழுத்தம் கூட்டி. உடம்பைச் சீட்டுக்குப் பின்னே தள்ளி, கைகளை ஊன்றி. விழுந்தான். எழுந்தான். அத்தை சொன்னது பாதிதான் உண்மை என்று புரிந்தபோது பசி தாங்கவில்லை.

சனிக்கிழமை. இரண்டு பிரேக்கும் சேர்ந்து முனகின. சைக்கிள் கோட்டில் நின்றது. ஆல்வினும் அதன் மேலேயே இருந்தான்.

பாஷா ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் நீவினார். "பொழைச்சே போ."

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஸ்டிச்சிங் செக்‌ஷன் ஜாஸ்மின் அங்கே காத்துக்கொண்டிருந்தாள். குனிந்து புது பிரேக் கட்டைகளைப் பார்த்து, முகம் மலர்ந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா. எத்தனை நாளா மாத்தணும்னு இருந்தேன்."

"நீயா? எதுக்கு?"

"போன சனிக்கிழமை மழையில அவசரமா என் வண்டியை எடுத்துக்கினு போய்ட்டீங்களே, ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி சாவி. உடனே சொல்லலாம்னுதான் பாத்தேன்ணா, ஆனா உங்க வண்டியில பிரேக் அவ்ளோ நல்லா புடிச்சிது, திங்கக்கெழமையே நான் பாஸ் ஆயிட்டேன்."