காட்டுக்குக் கோடு போட்டவன்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து, நடுவழியில் அதே பேருந்தைத் தவறவிடுகிற ஆள். அப்படிப்பட்டவன் போயும் போயும், சும்மா உட்காருவதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு காட்டில் தன்னார்வலனாகச் சேர்ந்தேன்.

காடு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். சிட்லபாக்கத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த அரை ஏக்கரில் அக்கம்பக்கத்தார் வளர்த்த புங்கை, நாவல், வேம்பு. காலையில் பத்துப் பேர் வந்து அரை மணி நேரம் பேசாமல் உட்காருவார்கள். (எனக்கு நாலாவது நிமிடமே முட்டி ஆட ஆரம்பித்துவிடும்.) கணவர் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த கிரேஸ் டீச்சர், இங்கே வந்த பிறகுதான் மனிதர்களிடம் மறுபடி நாலு வார்த்தை பேசினார்.

அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மாநகராட்சிப் பெண் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாராம்.

"தம்பி, நீ ஒண்ணுமே செய்யாதே," என்றார் டீச்சர். "காடு எப்படி இருக்கோ அப்படியே அவங்க பார்க்கட்டும்."

செய்யாமல் எப்படி? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் பி.எஸ்ஸி. வேதியியல். அம்மா அதே மாநகராட்சியில் தெருக்கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி. பம்மலில் எங்கள் தெருவுக்கு அதிகாரி வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் ப்ளீச்சிங் பவுடர் வந்துவிடும். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு விழுந்தால்தான் வருகிறவருக்கு மரியாதை.

அதிகாரி வருகிற அன்று விடியற்காலை ஒரு மூட்டையோடு போய்ப் பாதையின் இருபுறமும் கோடு போட்டேன். மிச்சம் இருக்கிறதே என்று மரத்துக்கு ஒரு வட்டம். முந்தின நாள் மழையில் சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. (ஈரம் பட்டால் அந்தப் பவுடர் என்ன செய்யும் என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதியவன் நான்.) வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டே இருந்தேன். மூக்கு ஏன் எரிகிறது என்று யோசிக்க, ஒரு இடத்தில் நின்றால்தானே?

அதிகாரி வந்தபோது பத்துப் பேரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆனாலும் அசையக்கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பத்துப் பேர் கன்னத்திலும் தாரை தாரையாகக் கண்ணீர்.

"ஏன் எல்லாரும் அழறாங்க?" என்றார் அதிகாரி மெதுவாக.

"மன அமைதி, மேடம்."

ஒரு நிமிடத்தில் அவருக்கும் மன அமைதி வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அப்போது சருகு அசைந்தது. முதலில் நாலைந்து அரணை. பின்னால் தவளைகள். அப்புறம் ஒரு கீரி, அதிகாரியின் செருப்பை உரசிக்கொண்டு. அதற்கும் பின்னால், நீளமான சாரைப்பாம்பு. கீரியும் பாம்பும் ஒரே திசையில் ஓடியதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரி பெஞ்சின்மேல் ஏறி நின்றார். "இந்தத் துளியூண்டு இடத்துல இவ்வளவு இருக்கா!"

"இருந்துச்சும்மா," என்றார் டீச்சர் இருமிக்கொண்டே. "இப்பதான் இவன் காலி பண்ண வெச்சான்."

அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார். "கார் நிறுத்த வேற இடம் பார்த்துக்கலாம். ஆனா இந்தப் பவுடர் ஒரு பொட்டு இங்க இருக்கக்கூடாது." பெஞ்சிலிருந்து இறங்காமலே போன் போட்டு, உடனே ஆள் அனுப்பச் சொன்னார்.

அரை மணியில் தள்ளுவண்டியோடு ஆள் வந்தது. அம்மா.

"இன்னாடா இது? நாங்க சாக்கடையோரம் போடுறத நீ காட்டுக்குப் போட்டுகினு கீற?"

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வூட்லயே படிச்ச புள்ள இதான், மேடம்."

கண்ணீரோடு இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அம்மா மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வரை நான் சுரண்டினேன். அடுத்த மழையில் தவளை கத்தும்வரை டீச்சர் என்னிடம் பேசவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அம்மா அவர்கள் காதில் விழும்படி என்னைக் கூப்பிடுகிறாள்.

"டேய், ஒரு கோடு போடுடா."

கதை தெரியாதவர்கள் எங்கள் சொந்தத்தில் யாருமில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து செருப்பைத் தேடுகிறார்கள்.