கென்யாவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஊசி

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. சேலையூர்ல இருக்குற டிராவல்ஸுக்குப் போய், ஆப்பிரிக்கா சஃபாரி பத்தி விசாரிச்சுட்டு வரணும்.

எந்த நாடுங்கிறது வீட்டுல எப்பவோ முடிவாயிடுச்சு. என் மனைவி கல்பனா ஜாகரஃபி டீச்சர். கென்யாவுல வைல்டுபீஸ்ட்னு மாடு மாதிரி ஒரு மிருகம். அது கூட்டம் கூட்டமா ஆத்துல குதிச்சு, முதலைங்களுக்கு நடுவுல நீந்தி அக்கரைக்குப் போகும். அதை வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை வத்திப் போனவ. "ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்ங்க"ன்னு ரொம்ப நாளா ஆசை அவளுக்கு.

டிராவல்ஸ்ல இருந்த பொண்ணு சிரிச்ச முகமா சொன்னா. "கென்யா சூப்பர் சாய்ஸ் சார். ரெண்டு பேரும் மஞ்சக் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டுக்கணும். அது கட்டாயம்."

ஊசி!

எனக்கு ஐம்பது தாண்டியாச்சு. நாவலூர் ஆபீஸ்ல என்னைப் பார்த்து நிறைய பேர் பயப்படுவாங்க. நான் ஊசியைப் பார்த்து பயப்படுவேன். ரத்தம் டெஸ்ட்டுன்னா லேப் வாசல்லயே காது அடைச்சு, கண்ணு இருட்டிடும்.

"ஊசி இல்லாத ஆப்பிரிக்கா எதுனா இருக்காம்மா?"

அவ சிரிப்பை அடக்கிக்கிட்டா. "சௌத் ஆப்பிரிக்கா இருக்கு சார். இங்கேர்ந்து நேரா போனா அந்த ஊசி கேக்க மாட்டாங்க."

அந்த நிமிஷமே நான் சௌத் ஆப்பிரிக்காவோட தூதர் ஆயிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சேன். "கென்யாவுல ஒரே கூட்டமாம் கல்பனா. ஒரு சிங்கத்தைச் சுத்தி அத்தனை ஜீப் நிக்குதாம். நம்ம தாம்பரம் பஸ் ஸ்டாண்டே தோத்துடும்."

"நான் பாக்கப் போறது சிங்கத்தை இல்லீங்க. ஆத்தை."

"ஆறு என்ன பெரிய ஆறு? சௌத் ஆப்பிரிக்காவுல பென்குயினே இருக்கு!"

"உங்களுக்கு எப்போலேர்ந்து பென்குயின் பிடிக்கும்?"

"சின்ன வயசுலேர்ந்து."

சொல்லிட்டேன், அப்புறம் காப்பாத்தணுமே! சாப்பிடறப்போ, துணி மடிக்கிறப்போ, எப்பவும் பென்குயின் வீடியோதான். பாவம், கல்பனா ரெண்டே நாள்ல இறங்கி வந்துட்டா. "உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா அங்கயே போலாம்"னா. சொல்லும்போது அவ முகம் வாடிப் போச்சு. எனக்கும் மனசு உறுத்துச்சு. ஆனா ஊசி இல்லைங்கிற சந்தோஷம் அதை அமுக்கிடுச்சு.

அப்பத்தான் என் போன் அடிச்சுது. என் கை முழுக்க தோசை மாவு. கல்பனா எடுத்து ஸ்பீக்கர்ல போட்டா.

"சார், டிராவல்ஸ்லேர்ந்து பேசறேன். ஊசிக்குப் பயந்து சௌத் ஆப்பிரிக்கா கேட்டீங்களே, அதையே கன்ஃபர்ம் பண்ணிடவா?"

கல்பனா என்னையே பார்த்தா. "பென்குயின்?"

நான் மாவைக் கரைச்சுக்கிட்டே இருந்தேன்.

"அந்த ஜீவன்லாம் வாயைப் பொளந்துகிட்டு நிக்கிற முதலையைத் தாண்டிப் போகுது. உங்களால ஒரு நர்ஸைத் தாண்டிப் போக முடியாதா?"

மறுபடி கென்யாவே முடிவாச்சு. அடுத்த வாரமே சிட்டிக்குள்ள தடுப்பூசி போடற இடத்துல ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். "நீங்க முதல்ல போங்க. நான் போயிட்டு வர்றதுக்குள்ள நீங்க ஓடிடுவீங்க"ன்னா கல்பனா. என்னை நல்லாவே தெரிஞ்சு வெச்சிருக்கா.

"அலர்ஜி எதுனா இருக்கா சார்?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"இல்ல டாக்டர். பயம் மட்டும்தான்."

சட்டைக் கையை மடிச்சுட்டு சுவத்தைப் பார்த்தேன். "முடிஞ்சுது சார்"னு நர்ஸ் சொன்னாங்க. "ப்பூ, அவ்வளவுதானா?"ன்னு கெத்தா எழுந்தேன். எழுந்தது வரைக்கும்தான் ஞாபகம். கண்ணு முழிச்சப்போ பெஞ்சுல படுத்திருந்தேன், நர்ஸ் கையில ஜூஸ். இருந்தாலும் போட்டுக்கிட்டேன்ல? காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அடுத்தது கல்பனா. "முட்டை ஒத்துக்குமாம்மா?"

"சாப்பிடறதே இல்ல டாக்டர். ஸ்கூல் படிக்கிறப்போ ஒரு பர்த்டேல கேக் சாப்பிட்டு, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில சேத்தாங்க. முட்டைதான் ஆகலைன்னாங்க. அதோட சரி."

டாக்டரம்மா நர்ஸைக் கை காட்டி நிறுத்தினாங்க. "அப்போ உங்களுக்கு இதைப் போட முடியாதும்மா. முட்டையில வளர்த்து எடுக்கற மருந்து. இந்த ஊசி கேக்காத நாடா பாருங்க."

எங்க வீட்டு வாசப்படியை முட்டை மிதிச்சதே இல்ல. எனக்கு எப்படிங்க தெரியும்?

ரயில்ல வீட்டுக்குத் திரும்பினோம். பல்லாவரம் தாண்டினதும் கல்பனா திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. அதுல கொஞ்சம் வருத்தமும் இருந்துச்சு, எனக்குத் தெரியும். நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"விடுங்க"ன்னா. "எனக்காக ஒரு ஜீவன் முதலை வாயில குதிச்சதை நேர்லயே பாத்துட்டேன். போதும்."

டிக்கெட் போட்டாச்சு, சௌத் ஆப்பிரிக்காவுக்கு. ஊசியே கேக்காத நாட்டுக்கு ஊசியும் போட்டு, மயக்கமும் போட்டுட்டுப் போற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.