கருப்பு பூசிய ஆறு வில்லைகள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதியாயிற்று. இனி நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே.

உன் மனைவியின் வேலை உனக்குத் தெரியும். எனக்கும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். கடல்தண்ணீர் பம்புக்கு நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். உப்பு அரிக்காது, ஆனால் தேயும். அதனால் போரான் ஏற்றி மேல்தோலைக் கெட்டியாக்குகிறார்கள். கெட்டியான தோல் தட்டினால் பெயர்கிறதாம். அதை லேசரால் உருக்கி அடி உலோகத்தோடு ஒட்ட வைக்கிறாள். இன்று பம்பு கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்தால் அவளுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் இந்த மாதத்தோடு வீடு. இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நேற்று சாயங்காலம் வீட்டில் அவள் மேஜையில் அந்த உலோகத்தில் வெட்டிய ஆறு வில்லைகள் கன்னங்கரேல் என்று கிடந்தன. விடுதியில் ஆயுள் முழுக்கக் கதவுப்பிடி துடைத்த கை இது, சும்மா இருக்குமா? வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே, நம் வீட்டுப் பெண் ஆயிற்றே என்று துணியும் பாலிஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கருப்பெல்லாம் போய் முகம் தெரிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. உன் அம்மா, "அவ உங்களைக் கேட்டாளா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க" என்றாள். எப்போதும் சொல்கிறவள்தானே என்று விட்டுவிட்டேன்.

காலையில் மருமகள் பார்த்தாள். "மாமா, அது அழுக்கில்ல. நாங்க பூசினது. கருப்பா இருந்தாத்தான் லேசர் ஒளி உள்ள இறங்கும். பளபளன்னு இருந்தா பட்ட ஒளி பாதி அப்படியே திரும்பிடும்" என்றாள். உதடு துடித்தது, கண்ணில் தண்ணீர். வாயைப் பொத்திக்கொண்டு, வில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். சாயங்காலம் வந்தவள் நேரே அறைக்குள் போனாள், பின்னாலேயே உன் அம்மாவும். கதவுக்கு வெளியே விசும்பல் கேட்கிறது. பெற்ற பெண்ணைப்போல் என்னைப் பார்த்துக்கொண்டவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

அதனால் நாளைக் காலை உன் அக்கா வீட்டுக்குப் புறப்படுகிறேன். பெட்டி கட்டியாயிற்று. இனி எந்த வீட்டிலும் துணியைக் கையால் தொடமாட்டேன், இது சத்தியம். நீதான் அவளைத் தேற்ற வேண்டும்.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது கதவு திறந்தது. வேலை நிரந்தரம்! உள்ளே இரண்டு பேரும் விசும்பவில்லை, சிரித்திருக்கிறார்கள். காலையில் அவள் வாயைப் பொத்தியதும் சிரிப்பை அடக்கத்தானாம். "நல்லதெல்லாம் போன வாரமே லேசர் போட்டுப் பூட்டியாச்சு மாமா. நீங்க துடைச்சது கழிச்ச துண்டுங்க. என் ஸ்டீல் ஸ்கேல்ல கோடெல்லாம் துடைச்சு அழிச்சீங்களே, இனி இதையாவது துடைக்கட்டும்னு நான்தான் கருப்படிச்சு வெச்சேன். ஏன் கருப்பு பூசறோம்னு கம்பெனிக்காரங்க கேட்டாங்க, உங்க வில்லையைத்தான் காட்டினேன். ஒருத்தர் அதைப் பார்த்துத் தலை சீவிக்கிட்டார்" என்றாள்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஆறுக்கும் மறுபடி கருப்படித்து மேஜையில் காய வைத்திருக்கிறாள். மேலே செய்த சத்தியத்தை நீயே அடித்துவிடு. என் கையில் பாலிஷ்.